நோயால் போன ஒரு வருடம்: வேலை கேட்கும்போது சொல்வதா, மறைப்பதா?

சுங்கை சிப்புட் தம்பி:
வணக்கம். மலேசியாவில் ஈப்போ பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத்தில் ஸ்டோர் கிளார்க்காக இருந்தேன். போன வருடம் காசநோய் என்று தெரிந்தது. சாதாரணமாக ஆறு மாத மருந்து. எனக்கு அந்த மருந்தே ஈரலைப் பாதித்ததால் நிறுத்தி, மாற்றி, மறுபடி ஆரம்பித்தார்கள். கிட்டத்தட்ட ஒரு வருடம் ஓடிவிட்டது. நடுவில் ஒப்பந்தமும் முடிந்தது. இப்போது முழுக்கக் குணம், கிளினிக் கடிதம் கையில் இருக்கிறது. பக்கத்துத் தோட்டத்து எண்ணெய் ஆலையில் ஸ்டோருக்கு ஆள் எடுக்கிறார்கள். ரெசுமேயில் அந்த ஒரு வருடத்துக்கு என்ன போடுவது? "என் லாரிக்குக் கணக்குப் பார்த்தேன்னு போடு" என்கிறார் மாமா. அம்மாவோ நோயின் பேரையே வெளியே எடுக்காதே என்கிறார்.

லாரி அண்ணன்:
மாமா சொன்னதையே போடு தம்பி. நோய் என்று பார்த்ததும் உன் ரெசுமே அடியில் போய்விடும். அத்தனை பேர் கேட்கிற வேலைக்கு, உன்னைத் தள்ள ஒரு காரணத்தை நீயே கொடுப்பானேன்? உள்ளே போய் நல்லபடியாக வேலை செய்து காட்டு, அப்புறம் எவன் கேட்கப்போகிறான்.

எச்.ஆர். அக்கா:
அண்ணே, மாமா அந்த ஒரு வருடத்துக்கு இபிஎஃப் (ஊழியர் சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் சமூகக் காப்புறுதி) கட்டினாரா? இங்கே வேலைக்கு எடுக்கும்போது சம்பளச் சீட்டோடு இபிஎஃப் அறிக்கையும் கேட்கிற பழக்கம் பல இடங்களில் உண்டு. எந்த மாதம் எந்த முதலாளி எவ்வளவு கட்டினார் என்று அதில் வரிவரியாக இருக்கும். லாரிக் கதை அங்கேயே நின்றுவிடும்.

தம்பி, ரெசுமேயில் ஒரே வரி போதும்: உடல்நலக் காரணத்தால் ஓய்வு, சிகிச்சை முடிந்தது, முழு நேர வேலைக்குத் தயார். நோயின் பேர் அங்கே வேண்டாம். நேர்முகத்தில் கேட்டாலும் இதையே சொல்லிவிட்டு ஸ்டோர் வேலைக்குப் பேச்சைத் திருப்பு. எந்தக் கணக்கு மென்பொருள் தெரியும், சரக்கு எண்ணிக்கை எப்படி எடுப்பாய் என்று பேசு. பயந்துபோய் மருந்துப் பட்டியல் முழுக்க ஒப்பிக்கிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

அஞ்சாம் லயம்:
அக்கா கோலாலம்பூர் கணக்குச் சொல்கிறீர்கள். இது தோட்டம். காசநோய் வந்தால் சுகாதார இலாகாவுக்கு அறிவித்தே ஆகவேண்டும், 1988-ஆம் ஆண்டு தொற்றுநோய்ச் சட்டம் அப்படி. கூட இருந்தவர்களைக் கூப்பிட்டுச் சோதிப்பார்கள். அப்படியென்றால் தம்பி வீட்டு வரிசையில் பாதிப் பேருக்குச் செய்தி தெரியும். ஆலை ஆபீஸ் கிராணிக்கும் (கணக்குப்பிள்ளைக்கும்) தெரியாமலா இருக்கும்?

இன்னொன்றையும் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். தோட்டத்துப் பையன் ஒருவன் ஒரு வருடம் வேலையில் இல்லை, காரணமும் சொல்லவில்லை என்றால், பார்க்கிறவன் நோய் என்று நினைக்க மாட்டான். "உள்ளே" இருந்துவிட்டு வந்தான் என்றுதான் நினைப்பான். "உடல்நலக் காரணம்" என்று மொட்டையாகப் போட்டாலும் போதை மறுவாழ்வு என்று ஒரு கதை கட்டுவார்கள். அதைவிடக் காசநோய் என்றே சொல்லலாம். சரியாக மருந்து எடுத்தால் பொதுவாக இரண்டு வாரத்திலேயே தொற்றுவது நின்றுவிடும், எனக்குச் சிகிச்சையே முடிந்துவிட்டது என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.

கிந்தாக்காரி:
சொல்லுவது சுலபம். என் தங்கச்சி சொன்னாள். கேட்டவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார், அவள் கண் முன்னாலேயே. அப்புறம் போனே வரவில்லை.

சட்டம் காப்பாற்றும் என்றும் நினைக்காதீர்கள். அரசியலமைப்பின் 8-ஆம் பிரிவு மதம், இனம், வம்சாவளி, பிறந்த இடம், பால் என்று பட்டியல் போடுகிறது. நோய் அதில் இல்லை. 2023 ஜனவரி முதல் வேலைச் சட்டத்தில் வந்த 69எஃப் பிரிவு பாகுபாட்டைப் பற்றிப் பேசுகிறது, சரி. ஆனால் அது முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவில் வருகிற தகராறுக்கு. வேலை கேட்டு வாசலில் நிற்கிறவர் இன்னும் தொழிலாளியே இல்லையே.

லாரி அண்ணன்:
அதைத்தானே முதலிலேயே சொன்னேன்.

கிந்தாக்காரி:
இல்லை, நீங்கள் பொய் சொல்லச் சொன்னீர்கள். நான் பேரைச் சொல்லாதே என்கிறேன்.

எச்.ஆர். அக்கா:
அந்த வித்தியாசம்தான் முக்கியம். உடல்நலத் தகவலை 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுச் சட்டம் தனி வகையாக வைத்திருக்கிறது, பொதுவாக நம் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் கம்பெனி அதைக் கையாளக் கூடாது. அதனால் கேட்காததை எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் விண்ணப்பப் பாரத்தில் "கடுமையான நோய் இருந்ததா" என்று கட்டம் இருந்து, நீ "இல்லை" என்று போட்டுக் கையெழுத்தும் வைத்தால் கதை வேறு. பிறகு தெரிந்தால் பொய்த் தகவல் என்று வேலையை விட்டு எடுக்க அவர்களிடம் உன் கையெழுத்தே இருக்கும். 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் புகார் கொடுக்கலாம்தான், ஆனால் அந்தப் பாரத்தை வைத்துக்கொண்டு அங்கே என்ன பேசுவாய்?

வேலைக்கு முந்தைய மருத்துவச் சோதனையில் நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பதுண்டு. பழைய காசநோய்த் தழும்பு அதில் தெரியலாம். கிளினிக் கடிதத்தை ரெசுமேயோடு இணைக்காதே, அந்த டாக்டரிடம் காட்டு.

அஞ்சாம் லயம்:
பார்த்தீர்களா, எக்ஸ்ரேயில் வரத்தான் போகிறது. டாக்டர் அறிக்கை வழியாகத் தெரிவதற்கு முன்னால் தம்பி வாயாலேயே தெரிந்தால் என்ன?

எச்.ஆர். அக்கா:
வேலை தருகிறோம் என்று கடிதம் வந்தபிறகு சொன்னால் போதும். அதற்கு முன்னால் சொன்னால் அது தேர்வுக்கான காரணமாகிவிடும். உங்களுக்கும் எனக்கும் வித்தியாசம், நேர்முகத்துக்கும் அந்தக் கடிதத்துக்கும் நடுவில் வருகிற ஒரு வாரம்தான்.

அஞ்சாம் லயம்:
அந்த ஒரு வாரத்தில் தோட்டம் முழுக்கப் பேசி முடித்திருக்கும் அக்கா.

சுங்கை சிப்புட் தம்பி:
ஆலைப் பாரத்தை இன்று வாங்கிவந்தேன். மலாயில் இருக்கிறது, நோய் பற்றிய கட்டமும் இருக்கிறது, விவரம் எழுத இடமும் விட்டிருக்கிறார்கள். லாரிக் கணக்கு இனி இல்லை, மாமாவிடம் சொல்லிவிட்டேன், கோபம்தான். "ஆம்" என்று போட்டு, சிகிச்சை முடிந்த மாதத்தை எழுதப்போகிறேன். நோய் பேரை அந்த இடத்தில் எழுதவா, "மருத்துவரின் கடிதம் உள்ளது" என்று மட்டும் போடவா?

கிந்தாக்காரி:
கடிதம் உள்ளது என்று மட்டும்.

அஞ்சாம் லயம்:
எழுது. அந்தக் கிராணிக்கு ஏற்கெனவே தெரியும்.

லாரி அண்ணன்:
கிராணிக்குத் தெரியும் என்றால் முதலில் அவரைப் போய்ப் பார், பாரத்தை அப்புறம் நிரப்பலாம்.