அஞ்சு அப்பம் ரெண்டு மீன்: "நெசமா நடந்துச்சா"ன்னு பிள்ளைங்க கேட்டா என்ன சொல்றது?

யாங்கோன்_சேவியர்:

எல்லாருக்கும் வணக்கம். யாங்கோன்ல எங்க கோயில்ல ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் நம்ம தமிழ்ப் பிள்ளைங்களுக்கு நான் மறைக்கல்வி எடுக்கிறேன். மொத்தம் பதினாலு பேர், அதுல பாதிப் பேருக்குத் தமிழ் படிக்க வராது, தமிழ்ல ஒரு தடவை சொல்லி பர்மா பாஷைல திரும்ப ஒரு தடவை சொல்லணும். போன வாரம் இயேசு அஞ்சு அப்பம் ரெண்டு மீனை வச்சு 5000 பேருக்கு சாப்பாடு போட்ட பகுதி. முடிச்சதும் பதினோரு வயசுப் பையன் ஒருத்தன் எந்திரிச்சு "சயா (பர்மா பாஷைல வாத்தியார்), இது நெசமா நடந்துச்சா, இல்ல ஸ்கூல்ல சொல்ற முயல் கதை மாதிரியா"ன்னு கேட்டான். முயல் கதைன்னா அந்த ஜாதகக் கதை, புத்தரோட முற்பிறவிக் கதைங்க, போதிசத்துவர் முயலாப் பொறந்து, பசின்னு வந்தவருக்குக் கொடுக்க ஒண்ணும் இல்லாம தன் உடம்பையே தீயில போட்டு, தீ சுடாமப் போச்சே அது. அவன் கிண்டலுக்குக் கேக்கல, மொகத்தைப் பார்த்தாலே தெரியுது. நான் "நடந்துச்சுப்பா, பைபிள்ல இருக்கே"ன்னேன். "முயல் கதையும் புஸ்தகத்துல தானே சயா இருக்கு"ன்னு சொல்லிட்டு உக்காந்துட்டான். எனக்கு அதுக்கு மேல வாய் வரல.

உண்மையச் சொன்னா இந்தக் கேள்வி எனக்குள்ளயே ஓடிட்டுத்தான் இருந்துச்சு. 2025 மார்ச் 28 பூகம்பத்துக்கு அப்புறம் ஒரு ஜெபக் கூட்டத்துல "எங்க குடும்பத்தை ஆண்டவர் புதுமையா (அற்புதமா) காப்பாத்தினார்"னு ஒருத்தர் சாட்சி சொன்னார், அவருக்கு ரெண்டு வரிசை பின்னாடி மாண்டலேல அக்காவைப் பறிகொடுத்தவர் உக்காந்து கேட்டுட்டிருந்தார். அன்னிலேர்ந்து புதுமைன்னு சொல்லவே நாக்கு தயங்குது.

விசுவாசம் வைங்கன்னு சொல்ல வேண்டாம், அது இருக்கு. சரித்திரமா பார்த்தா இந்தப் புதுமைகள் எவ்வளவு தூரம் நிக்கும்? படிச்சவங்க சொல்லுங்க.

பழைய_ஏடு:

தம்பி, அந்தப் பையனை அதட்டி உக்கார வைக்காம விட்டீங்களே, நல்லது. நான் பாப்டிஸ்ட் வீட்ல வளர்ந்தவன், சரித்திரம் படிச்சவன், இப்ப ஆராதனைக்குப் போறது குறைவு, அதையும் சொல்லிட்டே ஆரம்பிக்கிறேன்.

நீங்க கேட்டதுல ரெண்டு கேள்வி இருக்கு. இயேசுவை அவர் காலத்து ஜனங்க நோய் தீர்க்கிறவர், பேய் ஓட்டுறவர்னு நம்புனாங்களா? அவர் செஞ்சதுக்குப் பின்னாடி கடவுள் இருந்தாரா? முதல் கேள்விக்கு சரித்திரத்துல பதில் தேடலாம், ரெண்டாவதுக்கு அந்த ஏணி எட்டாது.

முதல் கேள்விக்கு என் பதில் ஆமா, அதுவும் உறுதியா. ஏன்னா எதிரிங்களே சாட்சி. இயேசு வாழ்க்கையைச் சொல்ற நாலு சுவிசேஷத்துல ஒண்ணான மாற்கு 3ம் அதிகாரத்துல, எருசலேம்லேர்ந்து வந்த வேதபாரகருங்க (யூத சட்டம் படிச்சவங்க) "இவன் ஒண்ணும் செய்யல, பித்தலாட்டம்"னு சொல்லல, "பெயல்செபூலை, பேய்ங்களோட தலைவனை, வச்சு பேய் ஓட்டுறான்"னு சொல்றாங்க. அப்போ ஏதோ நடக்குதுங்கிறதுல ரெண்டு பக்கத்துக்கும் சண்டை இல்ல, யார் பலத்துல நடக்குதுங்கிறதுல தான் சண்டை. யூதங்களோட சமய நூலான தால்முத்லயும் இதே குற்றச்சாட்டு தான், சூனியம் பண்ணினான்னு. 93, 94 வாக்குல எழுதின யூத சரித்திரக்காரர் யோசேப்பஸ் அவரை வியப்பான காரியங்கள் செஞ்சவர்னு சொல்றார். அந்தப் பத்தியில பிற்காலத்துக் கிறிஸ்தவங்க கை வச்சிருக்காங்க, ஆனா இந்த வார்த்தை அவர் எழுதினது தான்னு நிறைய அறிஞருங்க ஏத்துக்கிறாங்க.

அதுக்காக எழுதியிருக்கிற ஒவ்வொண்ணும் அப்படியே நடந்துச்சுன்னு ஆகிடாது. சிலுவை மரணம் 30 இல்ல 33, மாற்கு எழுதினது ஏறக்குறைய 70, நடுவுல நாப்பது வருஷம் கதை பெரும்பாலும் வாய்வழியா ஓடியிருக்கு. இயேசுவைக் கைது பண்ணின கெத்செமனே தோட்டத்துல பிரதான ஆசாரியனோட வேலைக்காரன் காதை வெட்டினாங்களே, அதை எடுத்துக்கோங்க. வெட்டினது நாலு சுவிசேஷத்துலயும் இருக்கு. இயேசு காதைத் தொட்டு சுகமாக்கினார்ங்கிறது லூக்கால மட்டும் தான் இருக்கு. வேலைக்காரன் பேர் மல்குஸ்ங்கிறது யோவான்ல மட்டும். காதை ஒட்ட வச்சதைப் பார்த்தவங்க அதை விட்டுட்டு வெட்டினதை மட்டும் சொல்வாங்களா? எனக்கு நம்பிக்கை வரல, இது வளர்ந்த பகுதின்னு தான் தோணுது.

ஆனா இதுக்கு எதிர்ப்பக்கமும் உண்டு, அதைப் படிச்சப்போ தான் எனக்கு மாற்கு மேல மரியாதை வந்துச்சு. 8ம் அதிகாரம், பெத்சாயிதா குருடன். இயேசு கண்ல எச்சில் தொட்டு கை வச்சு "ஏதாவது தெரியுதா"ன்னு கேக்கிறார். அவன் "மனுஷங்க தெரியிறாங்க, மரம் நடக்கிற மாதிரி இருக்கு"ங்கிறான். திரும்ப ஒரு தடவை கை வச்ச பிறகு தான் தெளிவாகுது. பெருமைக்குக் கட்டுற கதைல முதல் தடவை பாதி தான் சரியாச்சுன்னு யாரு எழுதுவா? மத்தேயுவும் லூக்காவும் இதை எடுத்துக்கவே இல்ல. நாசரேத்லயும் அப்படித்தான், மாற்கு 6ல "செய்ய முடியல"ன்னு இருக்கிறது மத்தேயு 13ல "செய்யல"ன்னு மாறுது. பின்னாடி வந்தவங்களுக்குச் சங்கடமா இருந்த விஷயத்தை மாற்கு மறைக்காம வச்சிருக்கார்.

உங்க அப்பம் மீனுக்கு வரேன். உயிர்த்தெழுதலை விட்டா நாலு சுவிசேஷத்துலயும் இருக்கிற ஒரே அற்புதம் இதுதான், அதனால ரொம்பப் பழைய ஞாபகம்னு சொல்லலாம். அதே நேரம் பழைய ஏற்பாட்டுல 2 இராஜாக்கள் 4ல எலிசா தீர்க்கதரிசி 20 வாற்கோதுமை அப்பத்தை 100 பேருக்குக் கொடுத்து மிச்சமும் இருந்துச்சுன்னு இருக்கு, யோவானும் சரியா வாற்கோதுமை அப்பம்னு தான் சொல்றார். எலிசாவை விடப் பெரியவர்னு காட்டுற மாதிரி சொல்லியிருக்காங்க. வனாந்தரத்துல மறக்க முடியாத ஒரு சாப்பாடு நடந்துச்சுங்கிற வரைக்கும் நான் வருவேன், அப்பம் எப்படிப் பெருகுச்சுங்கிறதை சரித்திரத்தால பார்க்க முடியாது. சிலர் "எல்லாரும் மடியில ஒளிச்சு வச்சதை எடுத்துப் பகிர்ந்துக்கிட்டாங்க, அதான் அற்புதம்"னு சொல்வாங்க, தயவு செஞ்சு பையன்கிட்ட அதைச் சொல்லாதீங்க, நாலு புஸ்தகத்துலயும் அப்படி ஒரு வரி கிடையாது, பிற்காலத்துல யாரோ வசதிக்குச் சொன்னது.

சிரியம்_மேரி:

காது வளர்ந்த கதையைப் படிச்சதும் எங்க வீட்டுக் கதையைச் சொல்லாம இருக்க முடியல. 2008 மே 2 ராத்திரி, நர்கிஸ் புயல். எங்க வீடு யாங்கோன் பக்கத்து ஊர் சிரியம் பக்கம், தகரக் கூரை. எனக்குப் பத்தொம்பது வயசு. ராத்திரி பூரா காத்து, ஒரு கட்டத்துல தகரம் மொத்தமா பிச்சுக்கிட்டுப் போயிருச்சு. நாங்க பதினோரு பேர் நடு வீட்டுத் தேக்குத் தூணைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தோம், அந்தத் தூண்ல தான் அந்தோணியார் படம் கம்பி போட்டு மாட்டியிருக்கும். விடிஞ்சதும் ஆயா சொன்ன வார்த்தை இன்னும் காதுல இருக்கு, "படம் நனைஞ்சு போச்சுடி, ஆனா விழல பாரு". நான் தான் பாவாடைத் துணியால கண்ணாடியைத் துடைச்சேன். உள்ள தண்ணி இறங்கி வலது கீழ் மூலைல டீ கொட்டின மாதிரி கறை.

இப்ப என் சித்தப்பா பிள்ளைங்க, அன்னிக்குப் பொறக்கவே இல்லாதவங்க, சொல்றாங்க "படத்து மேல ஒரு சொட்டு தண்ணி படல, முன்னாடி எரிஞ்ச மெழுகுதிரி அணையல"ன்னு. மெழுகுதிரியே கிடையாது, அந்தக் காத்துல எப்படிக் கொளுத்துறது! படம் அதே தூண்ல தான் தொங்குது, கறையும் அப்படியே இருக்கு, அதுக்குக் கீழ நின்னுக்கிட்டே சொல்றாங்க. அவங்க பொய் சொல்லல, நம்பித்தான் சொல்றாங்க. பதினேழு வருஷத்துக்குள்ள எங்க வீட்லயே இப்படின்னா நாப்பது வருஷத்துல எவ்வளவு வளரும்னு நினைச்சுப் பாருங்க. ஆனா ஒண்ணு, பழைய ஏடு சார், நடுவுல இருக்கிற விஷயம் மாறல. படம் விழல, பதினோரு பேரும் பொழைச்சோம். அந்தோணியார் காப்பாத்தினார்னு நான் இன்னிக்கும் நம்புறேன், செவ்வாய்க்கிழமை நவநாளை விட்டதில்ல. அதே தெருவுல ரெண்டு பிள்ளைங்களைப் பறிகொடுத்த அம்மா இருக்காங்க, அவங்க இருக்கிற இடத்துல மட்டும் இந்தச் சாட்சியை நான் வாய் திறந்து சொல்றதில்ல. சேவியர் தம்பி சொன்ன அந்தக் கூட்டம் எனக்கு நல்லாப் புரியுது.

இன்னொண்ணு. பிப்ரவரில ஞாங்லேபின் லூர்து மாதா திருவிழாவுக்கு நம்மாளுங்க எல்லாம் போறோம்ல, பிரான்ஸ்ல இருக்கிற அசல் லூர்துல திருச்சபை எப்படிப் பார்க்குதுன்னு பிள்ளைங்களுக்குச் சொல்லுங்க. மாதா காட்சி கொடுத்தது 1858, டாக்டருங்க பரிசோதிக்கிற அலுவலகம் 1883ல ஆரம்பிச்சாங்க. சுகமானேன்னு பதிவு பண்ணினவங்க 7000க்கு மேல, ஆனா 2018 வரைக்கும் புதுமைன்னு திருச்சபை ஏத்துக்கிட்டது 70 தான். திடீர்னு சுகமாகணும், முழுசா ஆகணும், திரும்ப வரக்கூடாது, மருத்துவத்துல அதுக்கு விளக்கம் இருக்கக் கூடாது. திருச்சபையே இவ்வளவு கேள்வி கேக்கும்போது ஒரு சின்னப் பையன் கேட்டா அது அவிசுவாசம் ஆகிடுமா?

பூக்குழி_மருது:

நான் இந்து, நடுவுல பேசுறதுக்கு மன்னிக்கணும். எங்க ஊர்க் கோயில்ல ஏழு வருஷம் தீ மிதிச்சிருக்கேன், கால் சுட்டதில்ல. அம்மன் செயல்னு தான் இறங்குறேன். என் அண்ணன் மகன் இஞ்சினியர், கரி நெருப்பு சூட்டை மெதுவாத்தான் கடத்தும், கால் படுறதும் கொஞ்ச நேரம் தான் சித்தப்பான்னு விளக்கினான். சரின்னு கேட்டுக்கிட்டேன், மறு வருஷமும் இறங்கினேன். நல்ல பக்தர் ஒருத்தர் நடுக்குழில தயங்கி நின்னு கால் வெந்து போனதையும் கண்ணால பார்த்தேன், அதுக்காக அவருக்குப் பக்தி இல்லைன்னு சொல்ல மனசு வரல. எப்படி நடந்துச்சுன்னு தெரிஞ்சுட்டா சாமி இல்லாமப் போயிடுவாரான்னு எனக்குத் தோணும், அவ்வளவு தான்.

பெகு_பாஸ்டர்_மகன்:

எல்லாரும் காது, கண்ணு, அப்பம்னு ஓரத்துலயே சுத்துறீங்களே, நடுவுல இருக்கிறது கர்த்தர் உயிர்த்தெழுந்தது. அதுக்கு நாப்பது வருஷக் கணக்கு பொருந்தாது. அப்போஸ்தலர் பவுல் கொரிந்து சபைக்கு 1 கொரிந்தியர் கடிதம் எழுதினது 54, 55 வாக்குல, அதுல 15ம் அதிகாரத்துல "நான் பெற்றுக்கொண்டதை உங்களுக்குக் கொடுத்தேன்"னு சொல்லி கேபாவுக்கு (அதாவது பேதுருவுக்கு) காட்சி, பன்னிரண்டு சீஷருக்குக் காட்சி, 500 பேருக்கு மேல காட்சி, இயேசுவோட சகோதரர் யாக்கோபுக்குக் காட்சின்னு வரிசையா சொல்றார். அந்த 500ல பல பேர் இன்னும் உயிரோட இருக்காங்கன்னும் சொல்றார், அதாவது போய்க் கேட்டுக்கோங்கன்னு அர்த்தம். கலாத்தியர் 1ல எருசலேம் போய் பேதுரு கூட 15 நாள் தங்கினேன், யாக்கோபையும் பார்த்தேன்னு எழுதுறார். இது சம்பவம் நடந்து ஆறேழு வருஷத்துக்குள்ள நடந்த சந்திப்பு! பவுல் முன்னாடி சபையைத் துன்பப்படுத்தின ஆள், இயேசுவோட கூடப்பிறந்தவங்களும் அவரை நம்பலன்னு யோவான் 7ல இருக்கு, பவுலும் யாக்கோபும் எதைப் பார்த்து மாறினாங்க? பொம்பளைங்க சாட்சிக்கு மதிப்புக் குறைஞ்ச காலத்துல காலியான கல்லறையை முதல்ல பார்த்தது பொம்பளைங்கன்னு நாலு பேரும் எழுதியிருக்காங்க, கட்டுக்கதைன்னா ஆம்பளைங்களை அனுப்பியிருப்பாங்க. ஏடு ஐயா, இதுக்குப் பதில் சொல்லுங்க.

பழைய_ஏடு:

தம்பி, நீங்க எடுத்தது தான் இருக்கிறதுலயே கனமான சாட்சி, ஒத்துக்கிறேன். பேதுருவும் யாக்கோபும் பவுலும் எதையோ பார்த்தோம்னு மனசார நம்பினாங்க, அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. 500 பேர்ல மட்டும் ஒரு பேர் இல்ல, ஊர் இல்ல, கொரிந்துல இருக்கிறவங்க கப்பல் ஏறிப் போய் விசாரிக்கிறதும் லேசு இல்ல. அதே பவுல் இயேசு ஒரு நோயாளியைச் சுகமாக்கினதைக் கூட தன் கடிதங்கள்ல எங்கயும் எழுதலங்கிறதும் எனக்கு உறுத்துது.

நியாயம்னு ஒண்ணு இருக்கே. டாசிட்டஸ்னு ரோமாபுரி சரித்திரக்காரர் எழுதுறார், வெஸ்பாசியன் ராஜா அலெக்சாண்டிரியால எச்சில் தொட்டு ஒரு குருடனுக்குக் கண் கொடுத்தார், நேர்ல பார்த்தவங்க இன்னும் சொல்றாங்க, இப்ப பொய் சொல்லி அவங்களுக்கு ஒரு லாபமும் இல்லன்னு. அதே எச்சில், அதே கண்ணு. இதை அரசியல்னு தள்ளிட்டு மாற்கை மட்டும் நம்பினா நான் பாதி அளவுகோலை வச்சு அளக்கிறேன். மத்தேயு 27ல பரிசுத்தவான்கள் கல்லறையை விட்டு எந்திரிச்சு நகரத்துக்குள்ள பல பேருக்குக் காட்சி கொடுத்தாங்கன்னு இருக்கே, மத்த மூணு பேரும் அதைப் பத்தி மூச்சு விடல, அதை நடந்த சம்பவமா என்னால எடுத்துக்க முடியல. ஆனா பெத்சாயிதா குருடனைக் கேட்டா, அங்க யாரோ ஒரு மனுஷனுக்கு நிஜமாவே ஏதோ நடந்துச்சுன்னு தான் சொல்வேன். அதுக்கு மேல நான் போகமாட்டேன். நீங்க போறீங்க, போகக் கூடாதுன்னு சொல்ல என்கிட்ட ஆதாரம் இல்ல.

யாங்கோன்_சேவியர்:

எல்லாருக்கும் நன்றி, ரெண்டு தடவை படிச்சேன். வர்ற ஞாயித்துக்கிழமை அப்பத்துக்குத் திரும்பப் போகல, மாற்கு 8 எடுக்கப் போறேன், மரம் மாதிரி நடக்கிற மனுஷங்க. அந்தப் பையனையே வாசிக்கச் சொல்லி, எழுதினவர் இதை ஏன் மறைக்காம வச்சார்னு அவன்கிட்டயே கேக்கணும். நான் நம்புறேன்னும் சொல்வேன், எதுல எனக்குத் தெரியாதுன்னும் சொல்வேன். போன வாரம் "பைபிள்ல இருக்கே"ன்னு சொல்லி வாயை அடைச்சதுக்கு அவன்கிட்ட ஒரு வார்த்தை மன்னிப்பும் கேக்கணும்.

மேரி அக்கா, ஒரு உதவி. அந்தோணியார் படத்தை அந்தக் கறை தெரியிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா? பிள்ளைங்களுக்குக் காட்டணும், உங்க பேர் சொல்லமாட்டேன்.

சிரியம்_மேரி:

கரன்ட் வரட்டும் தம்பி, லைட் போட்டு எடுத்து அனுப்புறேன். கண்ணாடியைத் துடைக்காமலே எடுக்கிறேன். ஆயா சொன்னதை மட்டும் சொல்லுங்க, மெழுகுதிரி வேண்டாம்.