வேப் டேங்க் அடியில் ஒழுகுகிறது, இழுத்தால் தலை சுற்றுகிறது: எதை வாங்குவது?

பாலக்கோட்டான்:
வணக்கம். சொந்த ஊர் பாலக்கோடு, பிழைப்பு துபாயில். நாளுக்குப் பத்து சிகரெட் பிடிக்கிறவன். அதை விடலாமென்று போன மாதம் வேப், அதாவது இ-சிகரெட், வாங்கினேன். கடைக்காரர் லிக்விட் ஊற்றுகிற பெரிய டேங்க் ஒன்றை மாட்டிக் கொடுத்தார். புகை என்னவோ மார்கழிப் பனி மாதிரி வருகிறது. ஆனால் காலையில் எடுத்தால் அடியெல்லாம் பிசுபிசு, இரண்டு சட்டைப் பை நாசம். நாலு இழுப்பு இழுத்தால் வாந்தி வருகிற மாதிரி கிறுகிறுப்பு. ரூமில் ஒருவன் சின்ன டேங்க் வாங்கு என்கிறான், இன்னொருவன் எல்லாம் ஒரே சின்ன டப்பாவாக வருகிற பாட் போதும் என்கிறான். எது சரி? அடுத்த மாதம் தங்கச்சி கல்யாணத்துக்கு ஊருக்கு எடுத்து வரணும்.

ஓசூர் லேத்:
லிக்விடைச் சூடாக்குகிற காயிலைக் கழற்றிப் பாருங்க, மேலே ஓம் (மின்தடை) கணக்கு போட்டிருக்கும். லிக்விட் பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது?

பாலக்கோட்டான்:
காயில் 0.2 ஓம். பாட்டிலில் வி.ஜி. (கெட்டி திரவம்), பி.ஜி. (தண்ணி திரவம்) 50/50, நிக்கோடின் மி.லி.க்கு 20 மி.கி.

ஓசூர் லேத்:
அங்கேதான் கோளாறு, டேங்க்கில் இல்லை. 0.2 என்றால் சப்-ஓம், அதாவது ஒரு ஓமுக்குக் கீழே, நேராக நெஞ்சுக்கு இழுக்கிற ரகம். ஒரு இழுப்பிலேயே ஏகப்பட்ட ஆவி வரும். அதற்கு 3 மி.கி. ஊற்றுவார்கள், நீங்கள் 20 ஊற்றியிருக்கிறீர்கள். தலை சுற்றாமல் என்ன செய்யும்!

ஒழுகலும் அதனால்தான். அந்தக் காயிலின் துளைகள் பெரிசு, வி.ஜி. 70 சதவீதம் இருக்கிற கெட்டி லிக்விடுக்கு வைத்தது. உங்களுடையது தண்ணி பதம். காயிலுக்குள் இருக்கிற பஞ்சு தாங்காமல் காற்றுத் துளை வழியாக இறங்கிவிடுகிறது.

சிகரெட் பழக்கத்தில் வாயில் வாங்கி அப்புறம் உள்ளே இழுக்கிறவருக்கு எம்.டி.எல். (வாயிலிருந்து நெஞ்சுக்கு) டேங்க்தான் பொருந்தும். காயில் 1 ஓமுக்குக் குறையாமல், காற்றுத் துளை மேலே இருப்பதாகப் பாருங்க. இருக்கிற லிக்விட் அதற்குச் சரியாக வரும், கொட்டிவிடாதீங்க. புதுக் காயில் போட்டால் பஞ்சில் நாலு சொட்டு விட்டு, நிரப்பி, பத்து நிமிஷம் சும்மா வையுங்க. மலேசியாவில் இருந்தப்போ அவசரப்பட்டு முதல் காயிலையே கருக்கிவிட்டேன். துணி தீய்ந்த வாடை, தொண்டையை விட்டுப் போக ஒரு நாள் ஆச்சு.

பாட் என்பதும் பெரும்பாலும் இதே எம்.டி.எல். வேலைதான். கழற்றி மாட்டப் பொறுமை இல்லையென்றால் அதையே வாங்கலாம்.

காவேரிப்பட்டணம் மெடிக்கல்:
தம்பி, எந்த டேங்க் வாங்கினாலும் அங்கேயே வைத்துவிட்டு வாங்க. இந்தியாவில் 2019 சட்டப்படி இ-சிகரெட்டுக்குத் தடை. பெட்டியில் ஒன்றே ஒன்று வைத்து வந்தாலும் இறக்குமதிதான். முதல் தடவைக்கே ஒரு வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், இல்லை இரண்டுமே. பெங்களூரில் இறங்கி ராயக்கோட்டை பஸ் ஏறுவதற்குள் கல்யாண வீட்டுக்குப் போலீஸ் கதை வேண்டாம்.

ஊரில் இருக்கிற நாளுக்கு 2 மி.கி. நிக்கோடின் கம் மருந்துக் கடையிலேயே கிடைக்கும். வெற்றிலை மாதிரி மென்று தள்ளாதீங்க. மெதுவாக மென்று, சுருக்கென்றதும் கன்னத்தில் ஒதுக்கி வையுங்க. இல்லையென்றால் விக்கல்தான் வரும். மொத்தமாக விட நினைத்தால் 1800-11-2356, அரசு இலவச எண்.

பாலக்கோட்டான்:
அண்ணா, தடை விஷயம் சத்தியமாகத் தெரியாது. நேற்று 1.2 ஓம் காயிலோடு சின்ன டேங்க் வாங்கினேன். ராத்திரி முழுக்க டிஷ்யூ பேப்பர் மேல் நிறுத்தி வைத்துப் பார்த்தேன், காலையில் பேப்பர் காய்ந்தே இருந்தது. கிறுகிறுப்பும் இல்லை. ஊருக்கு வரும்போது ரூம்மேட்டிடம் கொடுத்துவிட்டு வருகிறேன். கம் அட்டை மட்டும் இரண்டு எடுத்து வையுங்க, வந்து வாங்கிக்கொள்கிறேன்.