சுகாதார நிலையத்துக்குத் தரச் சான்று வந்தால் நமக்கு என்ன கிடைக்கும்?

வடசென்னைவாசி:
எங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பத்து நாளாகச் சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள். தேசிய தரச் சான்றுக்கு டீம் வருகிறதாம். அம்மாவின் சர்க்கரை மாத்திரைக்காக மாதாமாதம் போகிறேன். போன மாதம் மெட்பார்மின் பதினைந்து நாளைக்குத்தான் கொடுத்தார்கள். சான்று வந்துவிட்டால் முழு மாதத்துக்கும் கிடைக்குமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வியாசர்பாடி மணி:
எங்கள் பக்கம் சான்று வந்த பிறகு டோக்கன் முறை வந்தது, உட்கார பெஞ்ச் போட்டார்கள். மருந்து விஷயத்தில் பெரிய மாற்றம் தெரியவில்லை.

ஓய்வுபெற்ற நர்ஸ்:
தம்பி, இந்த வேலையில் நேரடியாக இருந்தவள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 2013-ல் மாவட்ட மருத்துவமனைகளுக்காகத் தொடங்கிய திட்டம், அப்புறம் நகர்ப்புற நிலையங்களுக்கும் வந்தது. எட்டுப் பிரிவுகளில் மதிப்பெண் போடுவார்கள், 70 சதவீதமாவது எடுக்க வேண்டும். வருகிறவர்கள் பதிவேட்டைப் பார்ப்பதோடு நிறுத்த மாட்டார்கள். ஊழியர்களான எங்களைக் கேள்வி கேட்பார்கள், வரிசையில் நிற்கும் நோயாளியிடமும் போய்ப் பேசுவார்கள்.

நான் இருந்த இடத்தில் தடுப்பூசி வைக்கும் ஐ.எல்.ஆர். குளிர்பெட்டிக்கு ஒரு பதிவேடு உண்டு. வெப்பநிலை 2-லிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், காலை மாலை இரண்டு வேளையும் எழுத வேண்டும். எங்கள் பதிவேட்டில் மாதம் முழுக்க 4, 4, 4 என்று ஒரே மையில், ஒரே சாய்வில் இருந்தது. ஆய்வுக்கு வந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. பெட்டியைத் திறந்து தெர்மாமீட்டரை எடுத்து என் கையில் கொடுத்தார். 9 காட்டியது. எனக்கு வியர்த்துவிட்டது. அவசரமாகக் குப்பிகளில் இருக்கும், சூடு பட்டால் நிறம் மாறும் வி.வி.எம். குறியைப் பார்த்தோம், நல்லவேளை, நிறம் மாறவில்லை. அதற்கப்புறம் நான் ஓய்வு பெறும்வரை மூடியைத் திறந்து பார்க்காமல் ஒரு நாள்கூட எழுதியதில்லை. என்னைக் கேட்டால் அந்தச் சான்றின் பலன் இதுதான்.

மருந்துக்கு வருகிறேன். எந்த மருந்து எத்தனை நாள் இல்லாமல் இருந்தது என்பதையும் கணக்குக் கேட்பார்கள். அதனால் இன்டென்ட், அதாவது மருந்து கேட்டு அனுப்பும் பட்டியல், நேரத்துக்குப் போகும். ஆனால் அரசுக்கு மருந்து வாங்கித் தரும் டி.என்.எம்.எஸ்.சி. கழகத்தின் குடோனிலேயே சரக்கு இல்லையென்றால் நிலையத்தில் இருப்பவர்கள் என்ன செய்ய முடியும்?

திருவொற்றியூர் மாணவி:
அக்கா சொல்வது சரி. ஆனால் இது கட்டடத்துக்குக் கிடைக்கும் சான்று, ஊர்ச் சுகாதாரத்தைப் பார்க்கும் துறைக்கு இல்லை. எங்கள் தெருவில் குடிநீரோடு சாக்கடை கலந்து வந்தபோது யாரைக் கேட்பது என்றே தெரியவில்லை. குழாய் குடிநீர் வாரியத்துடையது, சுகாதாரம் மாநகராட்சியுடையது. குழாய் முனையில் கிருமி கொல்லும் குளோரின் 0.2 பிபிஎம்-ஆவது (லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்) இருக்கிறதா என்று யார் பார்த்தார்கள், குறைந்தால் யாருக்குச் சொன்னார்கள்? இதைத் துறையிடம் கேட்க ஒருவர் வேண்டும். அமெரிக்காவில் 2007-ல் தொடங்கிய ஒரு வாரியம் சுகாதாரத் துறைகளுக்கே அங்கீகாரம் தருகிறது, ஐந்து வருடத்துக்குத்தான் செல்லும். விண்ணப்பிக்கும் துறை முதலில் தன் ஊர் மக்களின் உடல்நிலையைக் கணக்கெடுத்திருக்க வேண்டும். அதைச் சரிசெய்யும் திட்டமும் கையில் இருக்க வேண்டும். நமக்கும் அப்படி ஒன்று வர வேண்டும் என்பது என் ஆசை.

வடசென்னைவாசி:
ரொம்ப நன்றி அக்கா. டீம் வரும் அன்று நான் வரிசையில் நின்றால் என்னிடமும் கேட்பார்களா?

ஓய்வுபெற்ற நர்ஸ்:
கேட்கலாம் தம்பி. அம்மாவின் சீட்டைக் கையோடு கொண்டு போங்கள். பதினைந்து நாள் மாத்திரை என்று அதில் எழுதியிருக்கும் இல்லையா, அதைக் காட்டுங்கள்.