பீச்சு வரம்பு: டீசல் பம்பின் பின்திருகுக்கு ஒரு தமிழ்ப்பெயர்

குன்னூரிலிருந்து

அனைவருக்கும் வணக்கம்.

பழைய டீசல் கார், ஜீப்புகளுக்கான பராமரிப்புக் குறிப்புகளைத் தமிழில் தொகுக்கும் வேலை பம்ப் பகுதிக்கு வந்திருக்கிறது. எஞ்சினுக்குள் டீசலை அடித்து அனுப்பும் வி.ஈ. வகைச் சுழல் பம்பில் வெளியிலிருந்து திருப்பக்கூடிய திருகுகள் மூன்று. ஐடிலிங்குக்கு ஒன்று. எஞ்சினின் மேல்வேகத்தைக் கட்டுப்படுத்த ஒன்று; இதற்குக் கம்பெனியிலேயே ஈய முத்திரை வைத்து அனுப்புவார்கள். மூன்றாவது பம்பின் பின்பக்கத்தில், பைப்புகள் கிளம்பும் தலைக்குச் சற்று மேலே, பூட்டு நட்டுடன் கிடையாக இருக்கும். ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதிக்கும்போது ஒவ்வொரு அடிப்புக்கும் அதிகபட்சம் எவ்வளவு டீசல் போகலாம் என்பதைத் தீர்மானிப்பது இந்த மூன்றாவது திருகுதான்.

இதற்கு 'உச்ச எரிபொருள் திருகு' என்று எழுதி வைத்திருக்கிறேன். சரியா? வேறு நல்ல சொல் உண்டா?

ஊட்டியிலிருந்து, பம்ப் பட்டறை

வணக்கம் ஐயா.

பட்டறையில் நாங்கள் இதை 'டீசல் ஸ்க்ரூ' என்போம். வண்டிக்காரர்களில் பலர் 'பவர் ஸ்க்ரூ' என்பார்கள். அந்தப் பெயரால்தான் கெடுதல் வருகிறது. கல்லாறு தாண்டி ஏற்றம் தொடங்கியதும் வண்டி இழுக்கவில்லை என்றால், 'பவர்' கூட்டலாம் என்று இதை உள்ளே திருப்புகிறார்கள். மலையில் செய்ய வேண்டியது நேர் எதிர். 'உச்ச' என்ற சொல்லும் அந்தப் பக்கமே இழுக்கும் என்று நினைக்கிறேன்.

கணக்கைச் சொல்கிறேன். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர், ஊட்டி 2240 மீட்டர். காற்றழுத்தம் கீழே ஏறத்தாழ 975 மில்லிபார், மேலே 772. ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. ஊட்டிக் குளிர் அதில் கொஞ்சத்தைத் திருப்பித் தரும். குளிர்ந்த காற்று அடர்த்தியானது. கீழே 30 டிகிரி, மேலே 15 டிகிரி என்று வைத்துக்கொண்டால் சிலிண்டருக்குள் போகும் காற்றின் எடை சுமார் ஆறில் ஒரு பங்கு குறையும்.

டர்போ இல்லாத, நான்கு சிலிண்டர், 2112 சி.சி. பியூஜோ எஞ்சினை எடுத்துக்கொள்வோம். ஒரு சிலிண்டர் 528 சி.சி. அதில் எண்பது சதவீதம் நிரம்புகிறது என்றால், கீழே ஒரு இழுப்புக்கு 0.47 கிராம் காற்று. 1000 அடிப்புக்கு 30 சி.சி. என்று டெஸ்ட் பெஞ்சில் (பம்பைக் கழற்றி ஓட்டி அளக்கும் மேடை) பம்ப் வைத்திருந்தால், ஒரு கிராம் டீசலுக்கு ஏறத்தாழ 19 கிராம் காற்று கிடைக்கும். புகை இல்லாமல் எரிய அது போதும். அதே 30 சி.சி.யை ஊட்டியில் அடித்தால் காற்று 15.6 கிராமாக இறங்கிவிடும். டீசல் முழுதாக எரியக் கணக்குப்படி 14.5 தேவை. ஆனால் டீசலும் காற்றும் சிலிண்டருக்குள் சீராகக் கலப்பதில்லை, அதனால் 18-க்குக் கீழே போனாலே கரும்புகை வந்துவிடும். மேலே அதே 19 விகிதம் வேண்டுமென்றால் 30 சி.சி.யை 25-க்கு இறக்க வேண்டும்.

எரியாத டீசல் பவரே தராது. புகையாகிறது, சைலன்சர் சூட்டைக் கூட்டுகிறது, ஆயிலில் கரி சேர்க்கிறது. நீண்ட ஏற்றத்தில் ஹெட் விரிசல், பிஸ்டன் தலை உருகல் வரைக்கும் போகும். எனவே பெயரிலேயே 'இதற்கு மேல் கூடாது' என்ற பொருள் இருக்க வேண்டும்.

கூடலூரிலிருந்து

> பெயரிலேயே 'இதற்கு மேல் கூடாது' என்ற பொருள் இருக்க வேண்டும்.

முழுக்க ஒப்புகிறேன். 'வரம்பு' என்ற சொல்லை எடுக்கலாம். வயல் வரம்பு தண்ணீரைத் தேக்கி வைக்கும், அடுத்த வயலுக்கு வழியவிடாது. இந்தத் திருகின் வேலையும் அதுவே.

'எரிபொருள்' என்று நீட்டவும் தேவையில்லை. 'உட்செலுத்தல்' என்று பாடநூல்களில் எழுதுவதை விட 'பீச்சு' என்பது அந்தச் செயலுக்குப் பொருத்தம். அழுத்தத்தோடு மெல்லிய தாரையாக அடிப்பதைத் தமிழில் பீச்சுதல் என்றே சொல்கிறோம். டீசல் வெளிவரும் நாசிலுக்குப் 'பீச்சுமுனை', ஒரு அடிப்பில் போகும் டீசலுக்குப் 'பீச்சளவு', இந்தத் திருகுக்குப் 'பீச்சு வரம்புத் திருகு'. மேல்வேகத் திருகை 'வேக வரம்புத் திருகு' என்றால் இரண்டும் ஜோடியாக நிற்கும்; ஒன்றை மற்றதாக எண்ணித் திருப்பும் ஆபத்தும் குறையும்.

கொடைக்கானலிலிருந்து

பீச்சளவு நல்ல சொல். ஆனால் இரண்டு ஐயங்கள்.

முதலாவது, லாரிகளிலும் பழைய பெரிய எஞ்சின்களிலும் உள்ள வரிசை பம்பில் இந்த வேலையைச் செய்வது திருகு மட்டுமல்ல. டீசல் அளவை மாற்றும் பற்சட்டம் (பட்டறையில் 'ரேக்') ஒரு அளவுக்கு மேல் நகராதபடி கவர்னர் (வேகக் கட்டுப்பாட்டுப் பகுதி) பக்கத்தில் ஒரு தடை இருக்கும். 'திருகு' என்று கட்டிவிட்டால் அதற்கு என்ன பெயர்?

இரண்டாவது, வத்தலக்குண்டுக்கும் கொடைக்கானலுக்கும் தினமும் ஏறி இறங்குகிற வண்டி. வரம்பை எந்த ஊருக்கு வைப்பது? கீழே வைத்தால் பெருமாள்மலைக்கு முன்பே புகை. மேலே வைத்தால் சமவெளியில் சோர்வு.

ஊட்டியிலிருந்து, பம்ப் பட்டறை

முதல் கேள்விக்குச் சொல் அறிந்தவர்கள் பதில் சொல்லட்டும். இரண்டாவதற்கு: வண்டி பாரத்தோடு முழு மிதியில் நிற்கிற உயரம் எதுவோ, அதற்கு வையுங்கள். வத்தலக்குண்டு சமவெளியில் முழு மிதி தேவைப்படுவது சில நிமிடம், மலையில் மணிக்கணக்கு. பாரத்தோடு ஏறாத, பெரும்பாலும் கீழேயே ஓடுகிற கார் என்றால் கம்பெனி அளவைத் தொட வேண்டாம், மேலே மிதியைக் குறைத்தால் போதும். மிதி குறைவாக இருக்கும்போது இந்த வரம்பு வேலையே செய்யாது.

குறிப்புகளில் சேர்க்க, செய்முறையையும் எழுதிவிடுகிறேன்.

திருகைத் தொடும் முன் மற்றவற்றைப் பாருங்கள், ஏனென்றால் கரும்புகைக்கு இது ஒன்றே காரணம் அல்ல. ஏர் பில்டர் அடைப்பு முதலில். அடுத்து நாசில்கள்: கழற்றிக் கைப்பம்பில் போட்டால், குறித்த அழுத்தத்தில் கரகரவென்று சத்தத்தோடு மூடுபனியாக அடிக்க வேண்டும். ஹீட்டர் பிளக் வைத்த இந்த முன்னறை எஞ்சின்களில் அது பெரும்பாலும் 115 முதல் 135 பார். உங்கள் எஞ்சினுக்குரிய எண்ணைப் பாருங்கள். அந்த அழுத்தத்துக்கு 10, 20 பார் கீழே பத்து விநாடி பிடித்தால் முனையில் சொட்டு திரளக் கூடாது. சொட்டுகிற நாசிலோடு திருகைக் குறைத்தால் புகையும் போகாது, இழுவையும் போய்விடும். அடிக்கிற டீசல் முன்னால் கையை நீட்டவே கூடாது. தோலைத் துளைத்து உள்ளே போகும், அப்படி ஆனால் உடனே ஆஸ்பத்திரிதான். நாசிலைத் திரும்பப் போடும்போது அடியில் செப்பு வாஷரும் வெப்பத் தடுப்பு வாஷரும் புதிதாக வேண்டும்.

பிறகு டைமிங், அதாவது டீசல் அடிக்கத் தொடங்கும் நேரம். பம்பின் பின்தலையில் நான்கு பைப்புகளுக்கு நடுவில் இருக்கும் மூடியைக் கழற்றி டயல் கேஜை (நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் கருவி) சுமார் 2 மி.மீ. அழுத்தம் கொடுத்துப் பொருத்துங்கள். குளிர் ஸ்டார்ட் லீவர் இருந்தால் அது தளர்ந்திருக்க வேண்டும். எஞ்சினைப் பின்னோக்கிச் சுற்றினால் முள் இறங்கி ஓரிடத்தில் அசையாமல் நிற்கும். அங்கே பூஜ்யம் வையுங்கள். இனி முன்னோக்கி மட்டும் சுற்றி, முதல் சிலிண்டரின் மேல்நிலைக் குறிக்கு (பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்) வந்ததும் படியுங்கள். குறியைத் தாண்டிவிட்டால் கொஞ்சம் பின்னால் கொண்டு வந்து நிறுத்திப் படிக்காதீர்கள், பல் இடைவெளி அளவைக் கெடுக்கும். முழுக்கப் பின்னே போய் மறுபடி வர வேண்டும். ஆணிகளைத் தளர்த்திப் பம்பை அதன் அச்சு சுற்றும் திசைக்கு எதிராகச் சாய்த்தால் டைமிங் முந்தும். மெல்லிய காற்றில் டீசல் பற்ற சற்றுத் தாமதமாகும். காலையில் வெண்புகை நீடித்தால், ஹீட்டர் பிளக்குகள் நன்றாக இருப்பதை உறுதி செய்த பின், கம்பெனி அளவுக்கு மேல் 0.05 மி.மீ. முந்த வைக்கலாம். அதற்கு மேல் போனால் தட்டல் சத்தம் வரும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் முழு மிதியில் புகை வந்தால்தான் திருகு. வெளியே நீட்டியிருக்கும் மரையை வெர்னியரில் அளந்து எழுதிக்கொண்டு, பெயிண்டால் ஒரு கோடு போடுங்கள். திருகைப் பிடித்துக்கொண்டு பூட்டு நட்டைத் தளர்த்தி, இடஞ்சுழியாக எட்டில் ஒரு சுற்று. நட்டை இறுக்குங்கள். இப்போது ஐடிலிங் இறங்கியிருக்கும், ஏனென்றால் இந்தத் திருகு உள்ளே இருக்கும் நெம்புகோலின் தாங்கு புள்ளியையே நகர்த்துகிறது. ஐடிலிங் திருகில் அதைச் சரிசெய்த பிறகே வண்டியை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கொண்டை ஊசி வளைவில் மிதியை விட்டதும் நின்றுவிடும். எஞ்சின் நன்றாகச் சூடானதும், வழக்கமான பாரத்தோடு, மூன்றாம் கியரில் ஏற்றத்தில் முழுக்க மிதியுங்கள். பின்னால் இருப்பவர் புகையைப் பார்க்கட்டும். லேசான சாம்பல் நிறம் இருக்கலாம். கறுப்பாக நீடித்தால் மறுபடி எட்டில் ஒன்று. மொத்தம் அரைச் சுற்றுக்கு மேல் தேவைப்பட்டால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது. கோட்டுக்குத் திரும்பி வந்து பம்பை டெஸ்ட் பெஞ்சுக்கு அனுப்புங்கள்.

உள்ளே அதிகம் திருப்பியவர்களுக்கு: ஐடிலிங் ஏறி, மிதியை விட்டாலும் எஞ்சின் வேகம் இறங்கவில்லை என்றால் அது அபாயம். உடனே வெளியே எடுங்கள்.

கூடலூரிலிருந்து

வரிசை பம்ப் பற்றி: 'பீச்சு வரம்பு' என்பதைத் தலைச்சொல்லாக வைத்தால் தீர்ந்தது. சுழல் பம்பில் பீச்சு வரம்புத் திருகு, வரிசை பம்பில் பீச்சு வரம்புத் தடை.

உயரத்துக்கு ஏற்பத் தானாகவே வரம்பைக் குறைக்கும் கருவி சில பம்புகளில் உண்டு. காற்று நீக்கி மூடிய மெல்லிய உலோகப் பெட்டி ஒன்று உள்ளே இருக்கும். வெளியழுத்தம் குறைந்தால் அது விரிந்து தடையைப் பின்னுக்குத் தள்ளும். இதற்கு 'உயர ஈடுசெய்வி' என்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. இழந்த பவரை அது ஈடு செய்வதில்லை, டீசலைத் தணிக்கிறது. 'உயரத் தணிப்பி' என்று பரிந்துரைக்கிறேன்.

குன்னூரிலிருந்து

'உயரத் தணிப்பி' என்றால் உயரத்தைத் தணிப்பது என்று ஆகிவிடாதா? 'உயரவழிப் பீச்சுத் தணிப்பி' நீளம். 'மலைத் தணிப்பி' என்றாலும் அதே சிக்கல்.

கொடைக்கானலிலிருந்து

பீச்சு என்பதை விடாமல் 'பீச்சுத் தணிப்பி' என்றே வைக்கலாம். எதைப் பார்த்துத் தணிக்கிறது என்பது விளக்கத்தில் வரட்டும். டர்போ அழுத்தத்தைப் பார்த்துப் பீச்சளவைக் கூட்டுகிற கருவிக்கு அதே முறையில் 'பீச்சுக் கூட்டி'.

பெட்ரோல் எம்.பி.எஃப்.ஐ. (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி நாசில் வைத்த) கார்களுக்கும் பீச்சளவு என்ற சொல் செல்லும். அங்கே அளவு என்பது பீச்சுமுனை திறந்திருக்கும் நேரம், சில மில்லிவிநாடிகள். மேனிபோல்டு அழுத்த சென்சாரைப் பார்த்து கம்ப்யூட்டர் அதைக் குறைத்துக்கொள்ளும், எனவே மலைக்கென்று திருப்ப எதுவும் இல்லை. ஆனால் சென்சாருக்குப் போகும் ரப்பர் குழாய் வெடித்திருந்தால் கம்ப்யூட்டருக்கு அழுத்தம் கூடுதலாகத் தெரியும், பீச்சளவைக் கூட்டிவிடும். இழுவை குறைந்து பிளக் கறுப்பாகும் வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது அந்தக் குழாய்.

குன்னூரிலிருந்து

பட்டியலில் இப்படிப் பதிகிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள்.

பீச்சளவு: ஒரு அடிப்பில் ஒரு பீச்சுமுனை வழியே செல்லும் எரிபொருள். டெஸ்ட் பெஞ்சில் 1000 அடிப்புக்கு இத்தனை சி.சி. என்று குறிப்பது வழக்கம்.

பீச்சு வரம்பு: முழு மிதியில் பம்ப் தரக்கூடிய மிகக்கூடிய பீச்சளவு. கிடைக்கும் காற்றை ஒட்டி வைக்கப்படுவது. திருகு, தடை என்ற பின்னொட்டுகளுடன் வரும். பட்டறை வழக்கு: டீசல் ஸ்க்ரூ.

பீச்சுத் தணிப்பி: வெளிக்காற்றின் அழுத்தம் குறையும்போது பீச்சு வரம்பைத் தானே குறைக்கும் கருவி.

ஐடிலிங்கை ஐடிலிங் என்றே விடுகிறேன். டைமிங்குக்குப் 'பீச்சுத் தொடக்கம்' என்று ஒரு யோசனை. டயல் கேஜில் நாம் படிப்பது மேல்நிலைக் குறியில் பம்பின் பிளஞ்சர் (டீசலை அழுத்தும் தண்டு) எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதை. பீச்சத் தொடங்கும் கணம் வேறு. அந்த மில்லிமீட்டர் அளவுக்குத் தனிச்சொல் வேண்டும். ஊட்டி ஐயா, பட்டறையில் அதை எப்படிச் சொல்கிறீர்கள்?

ஊட்டியிலிருந்து, பம்ப் பட்டறை

'லிஃப்ட்' என்போம். 'பிளஞ்சர் லிஃப்ட் எவ்வளவு' என்று கேட்டால் எல்லோருக்கும் புரியும். தமிழில் வேண்டுமென்றால் 'பிளஞ்சர் நகர்வு' என்று போடுங்கள். பக்கத்திலேயே 'மேல்நிலைக் குறியில்' என்பதையும் சேர்த்து எழுதுங்கள். குறி சொல்லாமல் வெறும் மி.மீ. எழுதிய குறிப்பைப் பார்த்துப் பம்பைச் சாய்த்தால் டைமிங் எங்கோ போய் நிற்கும்.