புதுப்பிப்பு: உப்புவெளி வீட்டில் ஏசி குளிர் நிற்காத அறை

நானே நின்று கட்டிய வீட்டில், ஏசி ஓயாமல் ஓடியும் படுக்கையறை குளிரவில்லை என்று போன மாதம் எழுதியிருந்தேன். காரணம் பிடிபட்டுவிட்டது.

கச்சான் என்கிற சூடான காற்று அடித்த ஒரு மத்தியானம் ஊதுபத்தி கொளுத்தி அறையைச் சுற்றி வந்தேன். யன்னலடியில் புகை நேராக எழுந்தது. சுவரும் சீலிங்கும் சேரும் மூலையில் சட்டென்று படுத்துச் சுழன்றது. ஏணி வைத்துப் பார்த்தால் விரல் நுழையும் இடைவெளி! அதையும் ஏசிக் குழாய்த் துளையையும் அடைத்தேன். கதவடியில் ரப்பர் பட்டி.

அப்புறம் கூரைச் சூடு அறைக்குள் இறங்காதிருக்க, கூரைக்குக் கீழே, இடைவெளி விட்டு, அலுமினியத் தாள். பளபளப்பான பக்கம் கீழ்நோக்கியே இருக்கட்டும், மேல்நோக்கினால் தூசி படிந்து பயன் குறையும்.

இப்போது கம்பிரசர் விட்டுவிட்டுத்தான் ஓடுகிறது. காஸ் அடுப்புள்ள குசினியை மட்டும் தயவுசெய்து இப்படி அடைக்காதீர்கள்.