லண்டன் பொயிலரை இங்க பூட்டத் தெரிஞ்ச ஆக்கள் இருக்கிறீங்களா?

வணக்கம். உப்புவெளியில எங்கட விடுதிக்குச் சுடுதண்ணி வசதி செய்யப் போறம். லண்டனில இருக்கிற அத்தான், அங்க வீடு சூடாக்கப் பாவிக்கிற காஸ் பொயிலர் ஒண்டை அனுப்பியிருக்கிறார். புதுசு, பெட்டி பிரிக்கேல்ல.

பொயிலர்த் தண்ணி வெளிய போகாம திரும்பத் திரும்ப ஓடுற மூடிய சுற்று எண்டதால, அதுக்கு மேல தாங்கி தேவையில்ல. ஆறியிருக்கேக்க அமுக்கம் 1 பார் அளவில நிக்கும். சூடாகித் தண்ணி விரிஞ்சால் விரிவுக் கலம் வாங்கிக்கொள்ளும், 3 பாருக்குப் போனால் பாதுகாப்பு வால்வு திறக்கும். அந்தத் தண்ணி குளிக்கிற தண்ணியோட கலக்காது. குளிக்கிற தண்ணி நிக்கிற சிலிண்டருக்குள்ள சுருள் குழாயால ஓடி அதைச் சூடாக்கும். எங்கட கிணத்துத் தண்ணி கேத்தலிலயே வெள்ளையாப் படை கட்டுது, சுருளில கட்டாம என்ன செய்யலாம்?

பெரிய யோசனை காஸ்தான். அது அங்கத்த இயற்கை வாயுவுக்குச் செய்தது. இங்க சிலிண்டர் காஸ். கொம்பனியின்ர மாற்றுப் பாகம் போட்டு, புகையில கார்பன் மொனொக்சைட்டும் அளந்து தரக்கூடிய ஆள் திருகோணமலையில இருக்கா? இல்லாட்டி கொழும்பில? ஊரில வேலை செய்யிற பாஸ் "பூட்டிப் பாப்பம்" எண்டு நிக்கிறார், நான் விடேல்ல.

சோலார் போடச் சொல்லுவீங்கள். கூரை பழைய ஓடு, பாரம் தாங்காது.

மொடல் இலக்கம் வேணுமெண்டால் படம் போடுறன்.