பவி கல்யாணம்: பேனரா, வாழ்த்துமடலா, கேலிப் பாட்டா?

(குழு: பவி கல்யாணம் – நம்ம வீடு மட்டும். வியாழன், மாலை 4:10)

வினோத்: பேனர் கடைக்காரர் 6 மணிக்குள்ள மேட்டர் கேக்குறார். யாராவது ரெண்டு வரி சொல்லுங்க.

தினேஷ்: ரெடி மச்சான்
"நேத்து வரைக்கும் ராஜா
நாளையிலேருந்து கையில கூஜா"

செல்வி சித்தி: 😂😂

அம்மா: இது மாப்பிள்ளையோட சினேகிதப் பசங்க வைக்கிற பேனர். பொண்ணு வீட்டுக்காரங்க நாமளே வைக்கலாமா?

தினேஷ்: ஜாலிக்குத்தானே அத்தை

அப்பா: சரி

வினோத்: எதுக்குப்பா சரி?

ராஜு பெரியப்பா: தினேஷ் எழுதியது மட்டமில்லை. ராஜா, கூஜா என்று அடி முடிவில் ஓசை ஒன்றுகிறது. அதற்கு இயைபு என்று பெயர். முதல் எழுத்து ஒன்றினால் மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றினால் எதுகை. லாரிக்குப் பின்னால் எழுதுகிறவர் யாப்பிலக்கணமா படித்தார்? காது சொல்கிறது, கை எழுதுகிறது. அந்தக் காது நம் ஊரில் எல்லோருக்கும் உண்டு. ஆனால் பவிக்கு நான் ஒரு வெண்பா எழுதி வைத்திருக்கிறேன். அதையே பேனரில் போடலாம். வாழ்த்துமடலாகவும் அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு மேடையில் வாசித்துக் கொடுக்கலாம்.

பாபு மாமா: அத்தான் வெண்பா போட்டா போட்டோவுக்கு இடம்?

தினேஷ்: மாமா மேடையில வேணாம்

ராஜு பெரியப்பா: உன் அக்கா கல்யாணத்தில் நான் வாசிக்கும்போது மைக்கை நிறுத்தியது யார் என்று எனக்குத் தெரியும்.

தினேஷ்: கரண்ட் போச்சு மாமா சத்தியமா

மீனா அத்தை: பேனர் கிடக்கட்டும். நலங்கு அன்னிக்குக் கேலிப் பாட்டு யாரு பாடுறது? எங்கம்மா, அதான் வினோத்தோட அப்பாயி, இருந்திருந்தா இந்நேரம் சம்பந்தி வீட்டுக்கு ஆளாளுக்கு ஒரு பாட்டுக் கட்டியிருக்கும். அதோட பாட்டு நோட்டு யார்கிட்ட இருக்கு?

ராஜு பெரியப்பா: உன்னிடம்தான்.

மீனா அத்தை: என்கிட்ட எங்கண்ணே இருக்கு. அண்ணிதான் எடுத்து பீரோல வச்சாங்க.

அம்மா: பீரோல பார்த்துட்டேன். இல்ல.

பாபு மாமா: கேலிப் பாட்டே வேண்டாம்னு நான் சொல்றேன். 1998 ஞாபகம் இருக்கா? செல்வி கல்யாணத்துல மாப்பிள்ளையோட மாமா பந்தியில பாதியில எழுந்து போயி, நான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடினேன்.

மீனா அத்தை: அவர் எழுந்தது பாட்டுக்கு இல்ல பாபு. அப்பளம் தீர்ந்து போச்சுன்னதுக்கு.

செல்வி சித்தி: இன்னும் அப்பளம்னு சொன்னா அவர் மொகம் மாறும் 😂 சரி, வேன் எத்தனை மணிக்கு? நான் வெள்ளிக்கிழமை ராத்திரி திருச்சியில எறங்குறேன்.

பாபு மாமா: வேன் பேசிட்டு சொல்றேன்

தினேஷ்: பாட்டுன்னா டிஜே வச்சிடலாம்

செல்வி சித்தி: டிஜேயா? அதுக்கு பாட்டுக்குப் பாட்டு வைக்கலாம். அப்துல் ஹமீது நடத்துவாரே, அது மாதிரி ரெண்டு வீட்டையும் எதிரெதிரா உக்கார வச்சு. சின்ன வயசுல இலங்கை வானொலியைக் கேட்டுட்டு வாசல்ல அதானே விளையாடுவோம்.

ராஜு பெரியப்பா: நல்ல யோசனை. எழுத்துக்கு எழுத்து போதாது, அந்தாதியாக வைக்கலாம். நம்ம திருக்கடையூரில் பட்டர் பாடிய அபிராமி அந்தாதி 100 பாட்டும் அப்படித்தானே, ஒரு பாட்டு முடிகிற சொல்லில் அடுத்தது தொடங்கும். அதே வித்தையைத்தான் கண்ணதாசன் மூன்று முடிச்சு (1976) படத்துக்குக் கொண்டுபோனார். கோயிலில் பாடியதும் டீக்கடை ரேடியோவில் கேட்டதும் ஒரே முடிச்சு.

பாபு மாமா: எட்டேகாலுக்கு இதெல்லாம் புரியாது அத்தான்

தினேஷ்: மாமா ஏன் என்னை எப்பவும் எட்டேகால்ங்கிறீங்க

மீனா அத்தை: 🤣 அண்ணே நீங்களே சொல்லுங்க

ராஜு பெரியப்பா: பழைய தமிழ் எண்ணில் எட்டுக்கு 'அ', காலுக்கு 'வ' என்று எழுதுவார்கள். எட்டேகால் லட்சணம் என்றால் அவலட்சணம். கம்பர் ஔவையை மரியாதையில்லாமல் 'அடி' போட்டுப் பேசினார், அவர் திருப்பி எட்டேகால் லட்சணமே என்று ஏசினார் என்று கதை. எருமை, கழுதை, குட்டிச்சுவர், குரங்கு எல்லாவற்றையும் பெயர் சொல்லாமலே அதில் சொல்லிவிடுவார்.

தினேஷ்: 😳 இத்தனை வருஷமா!

வினோத்: பாபு மாமாவுக்கு அந்தப் பேரை யார் வச்சாங்கன்னு கேளு

பாபு மாமா: அது வேற விஷயம். பந்தியைப் பத்திப் பேசுவோம். சாப்பாடு 12 மணிக்கு ரெடியா இருக்கணும். நாகையில நிச்சயதார்த்தத்துக்கு மூணு மணிக்கு இலை போட்டாங்க.

ராஜு பெரியப்பா: நாகைக்கும் அதற்கும் பழைய பொருத்தம். காளமேகம் பாடியது:
"கத்துகடல் சூழ்நாகைக் காத்தான்தன் சத்திரத்தில்
அத்தமிக்கும் போதில் அரிசிவரும் – குத்தி
உலையிலிட ஊரடங்கும் ஓரகப்பை அன்னம்
இலையிலிட வெள்ளி எழும்."
பொழுது சாயும்போது அரிசி வரும், உலை வைக்கும்போது ஊர் தூங்கிவிடும், இலையில் சோறு விழும்போது விடிவெள்ளி முளைத்துவிடும். பந்தியில் இதைச் சொல்லித்தான் தொடங்கப் போகிறேன்.

அம்மா: ஐயோ அத்தான் வேண்டாம். அவங்க நாகைக்காரங்க. குத்திக்காட்டுறதா நினைப்பாங்க.

அப்பா: சரி

ராஜு பெரியப்பா: முழுசாகக் கேள். சத்திரக்காரன் காத்தான் மன்றாடினதும் காளமேகப் புலவர் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. பஞ்சத்தில் உலகம் சாய்கிற போதும் இந்தச் சத்திரத்துக்கு அரிசி வரும், உலையில் இட்டதும் ஊர்ப்பசி அடங்கும், இலையில் விழுகிற சோற்றின் வெண்மை வெள்ளி எழுந்த மாதிரி இருக்கும் என்று பொருள் சொன்னார். வசை அப்படியே வாழ்த்தாகிவிட்டது. ரெண்டு பொருளையும் சொல்லித்தான் உட்காருவேன். அவர்களுக்குப் பெருமைதான்.

மீனா அத்தை: அப்பாயி பாட்டும் இதேதான்ணே! முதல்ல வாரும், கடைசி அடியில தூக்கி வச்சிடும். நேத்து அதே மெட்டுல நானே கட்டினேன், கேளுங்க:
"நாகையிலேருந்து வந்த சம்பந்தி நடந்து வரும் அழகப் பாரு
நாலு முழ வேட்டிக்குள்ள நாப்பது முழ வயித்தப் பாரு
வயித்தப் பாரு வயித்தப் பாரு வஞ்சமில்லா மனசப் பாரு
வாசலுக்கு வந்தவங்கள வாரி அணைக்கும் கையப் பாரு"

செல்வி சித்தி: சூப்பர் மீனா!! கண்ணு கலங்கிடுச்சு. அத்தை குரல் அப்படியே காதுல கேக்குது.

ராஜு பெரியப்பா: வயித்த, வஞ்ச, வாசல், வாரி. மோனையைப் பார்த்தாயா. அம்மாவின் பெண்.

பாபு மாமா: மூணாவது அடி வர்றதுக்குள்ள அவர் எழுந்துட்டா? நான் பஸ் ஸ்டாண்டுக்கு ஓட மாட்டேன்.

மீனா அத்தை: அப்ப பின்னாடியிருந்து பாடுறேன். மனசு முதல்ல, வயிறு அப்புறம்.

ராஜு பெரியப்பா: கூடாது! வாழ்த்தி முடிக்கும்போது வைதால் அது வசையாகவே நின்றுவிடும். வரிசை முக்கியம்.

அம்மா: அவருக்கு சுகர், வயிறு பத்தி டாக்டரே சொல்லியிருக்காராம். வயித்துக்குப் பதிலா மீசையப் பாடேன் மீனா.

மீனா அத்தை: மீசைக்கு மோனை மாத்தணுமே அண்ணி. ராத்திரி பார்க்குறேன்.

பாபு மாமா: சுகர்னதும் ஞாபகம். பால் பாயசமா, பருப்புப் பாயசமா? சமையல்காரர் கேக்குறார்.

செல்வி சித்தி: பருப்பு

தினேஷ்: பால்

வினோத்: 6 மணி ஆச்சு. கடைக்காரர் ரெண்டு தடவை கூப்பிட்டார். எது?

தினேஷ்: ராஜா கூஜா

அம்மா: வேண்டாம்னேன்ல

ராஜு பெரியப்பா: வெண்பாவை அனுப்புகிறேன். மூன்றாம் அடியில் தளை தட்டுகிறது, சீரோடு சீர் சரியாகச் சேரவில்லை. கொஞ்சம் பொறு.

வினோத்: பேரும் தேதியும் மட்டும் கொடுத்திருக்கேன். கீழ நாலு வரிக்கு இடம் விடச் சொல்லிட்டேன். 8 மணி வரைக்கும் மாத்தலாமாம்.

பாபு மாமா: வேனுக்கு யார் யார் வர்றீங்கன்னு பேர் போடுங்க

அம்மா: வினோத், சம்பந்தி பேருக்கு முன்னாடி இனிஷியல் சரியா போட்டாங்களான்னு பாரு. போன தடவை பத்திரிகையில விட்டுட்டாங்க.